முதல் பத்து வாடிக்கையாளரே பாடம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சொந்தத் தொழில் தொடங்குகிறவர் மார்க்கெட்டிங்கையும், விளம்பர வாசகம் எழுதும் கலையான காப்பிரைட்டிங்கையும் முழுதாகப் படித்துவிட்டு இறங்க வேண்டுமா, தொழிலை நடத்திக்கொண்டே படிக்க வேண்டுமா என்பது வழக்கு. நடத்திக்கொண்டே என்பது எங்கள் அணி.

"தெரியாமல் விளம்பரத்தில் பணம் போட்டால் கரைந்துபோகும்" என்றார் எதிரணியின் முதல் பேச்சாளர். உண்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் முதல் வேலையே விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது என்று யார் சொன்னது? முதல் வேலை காது கொடுப்பது. வாங்கியவர்களில் பத்துப் பேரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். வாங்குவதற்கு முன் எதனால் அவதிப்பட்டீர்கள்? எந்த இடத்தில் தயங்கினீர்கள்? நண்பரிடம் இதைப் பற்றி என்னவென்று சொல்வீர்கள்? பதிலை அவர் வாயில் வந்த வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "தோள் பிய்யுது" என்று அவர் சொன்னதை "பயன்பாட்டில் அசௌகரியம்" என்று திருத்தி வைத்தால், அந்த வலி வாக்கியத்தை விட்டே போய்விடும்.

ஒருவர் தோள்பை தைத்து விற்கிறார் என்று வையுங்கள். அவர் எழுதும் முதல் வரி எப்படி இருக்கும்? "உயர்ந்த தரம், நவீன வடிவமைப்பு, நீடித்த உழைப்பு." பையை எடுத்துவிட்டுச் செருப்பை வைத்தாலும் இந்த வரி பொருந்தும். அதனால்தான் அது யாரையும் நிறுத்தாது. வாடிக்கையாளர் தந்த வார்த்தையிலிருந்து எழுதினால் இப்படி வரும்: "லேப்டாப், சார்ஜர், புத்தகம் அத்தனையும் தூக்கினாலும் தோளில் பதியாத பட்டை." எழுதிய கையோடு அவருக்கே சந்தேகம் வரும்: நம் பட்டை பதியாதா? அளந்து பார்க்கிறார். அகலம் ஒன்றரை அங்குலம். சுமை ஏற ஏற ஓரம் அறுக்கிறது. இரண்டரை அங்குலமாக்கி உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பிறகுதான் அந்த வரியை மனசாட்சியோடு போட முடிகிறது. வாசகம் எழுதப்போய்ப் பொருளே திருந்திவிட்டது, நடுவர் அவர்களே! வகுப்பில் உட்கார்ந்து கற்பனைப் பைக்கு விளம்பரம் எழுதுகிறவருக்குப் பட்டையை அளக்கத் தோன்றுமா?

அடுத்து வந்தவர், "ஏ/பி டெஸ்ட் போன்ற முறைகளைப் படித்துவிட்டு வந்தால்தான் எது சரியான வாசகம் என்று தெரியும்" என்றார். ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை வெவ்வேறு பார்வையாளர்களுக்குக் காட்டி, எது அதிகம் விற்கிறது என்று ஒப்பிடுவதுதான் ஏ/பி டெஸ்ட். கணக்குப் போடுவோம். 100 பேரில் 2 பேர் வாங்கிய பக்கத்தில் இப்போது 3 பேர் வாங்குகிறார்கள் என்று நம்பிச் சொல்ல, வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறக்குறைய 3,800 பார்வையாளர்கள் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 7,600. மாதம் 300 பேர் வருகிற புதுத் தொழிலில் அந்தச் சோதனை முடிய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். பெரிய நிறுவனத்துக்கான கருவி அது.

சின்னத் தொழிலுக்கு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். 1,000 பேர் பார்த்து 4 பேர்தான் கிளிக் செய்தார்கள் என்றால், தலைப்பு வரி தவறு. அல்லது தேவையில்லாத ஆட்களிடம் காட்டுகிறோம். 60 பேர் உள்ளே வந்தும் ஒருவரும் வாங்கவில்லையா? தலைப்பு சொன்னதைப் பக்கம் நிறைவேற்றவில்லை, அல்லது விலையும் திருப்பி அனுப்பும் விதியும் கண்ணில் படவில்லை. கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டும் இடத்தில் ஓடுகிறார்களா? டெலிவரி கட்டணத்தைக் கடைசியில் காட்டுகிறோமா என்று முதலில் பாருங்கள்.

இதற்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும். தேதி, மாற்றியது என்ன, பார்த்தவர், விசாரித்தவர், வாங்கியவர். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். விலையையும் தலைப்பையும் ஒன்றாக மாற்றினால், எது வேலை செய்தது என்று சொல்லவே முடியாது. எந்த மாற்றத்தையும் ஒரு முழு வாரமாவது விட்டுப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவரும் செவ்வாய்க்கிழமை வருகிறவரும் ஒரே மனநிலையில் வருவதில்லை. லைக்குக்கு அந்தப் புத்தகத்தில் இடமே வேண்டாம்.

பணம் கரையும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. போனாலும் தொழில் சாயாது என்கிற தொகையை மட்டும் விளம்பரத்துக்கு ஒதுக்கி, ஐந்து பங்காக்குங்கள். ஒரு பங்கு தீர்ந்ததும் நிறுத்தி, நோட்டைப் பார்த்து, ஒன்றை மாற்றிய பிறகே அடுத்த பங்கைத் தொடுங்கள்.

படிக்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தலைப்பில் ஒழுகுகிறது என்று தெரிந்த அன்று இரவு தலைப்பு எழுதுவதைப் பற்றிப் படித்தால், அந்தப் பாடம் மறுநாள் காலையே வேலைக்கு வந்துவிடும். ஆறு மாதம் முன்னால் படித்தது அந்த நேரத்தில் நினைவில் இருக்குமா?

எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருகிறவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: ஒன்றரை அங்குலப் பட்டை தோளை அறுக்கிறது என்பதை, ஒரு பைகூட விற்காமல் எந்தப் பாடத்தில் கண்டுபிடிப்பீர்கள்? நன்றி, வணக்கம்.