உப்புக்கறைக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிச்சுக் கழுவுற நேரம் வந்தாச்சு, இப்ப மாசச் சாமான் லிஸ்ட்ட எடுத்துப் பாருங்க, பாத்ரூமுக்கு ஒரு பாட்டில், டைல்ஸுக்கு ஒரு பாட்டில், கண்ணாடிக்கு ஒரு ஸ்ப்ரே, சிங்க்குக்கு ஒரு பவுடர்னு எழுதியிருப்போம், அதுக்கு ஆகுற காசுக்கு நல்ல காய்கறியே வாங்கிடலாம். இத்தனை பாட்டில் தேவையே இல்லைங்க. கறை என்ன கறைன்னு தெரிஞ்சா போதும், பாதி சாமான் அடுப்படியிலயே இருக்கு.

வீட்டுல நம்மளப் படுத்துறது முக்கியமா ரெண்டு, உப்புக்கறை, எண்ணெய்ப் பிசுக்கு. இந்த ரெண்டுக்கும் மருந்து வேற வேற. அதை மாத்திப் போட்டுட்டு கை வலிக்கத் தேச்சா ஒண்ணும் நடக்காது.

முதல்ல உப்பு. போர் தண்ணி வர்ற வீட்டுல கேக்கவே வேணாம், குழாயோட கழுத்துல வெள்ளையா பொருக்குத் தட்டும், பக்கெட் உள்பக்கம் சொரசொரன்னு ஆயிடும், ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சு தண்ணி கோணலா பீச்சும். அந்த வெள்ளைப் பொருக்குல பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்துதான், கால்சியம் கார்பனேட். சோப்பு அதை ஒண்ணும் பண்ணாது, புளிப்புதான் கரைக்கும். நம்ம புளியில டார்டாரிக் அமிலம் இருக்கு, எலுமிச்சையில சிட்ரிக் அமிலம். ரசத்துக்குக் கரைச்ச புளிச் சக்கையத் தூக்கிப் போடாதீங்க, அதையே குழாய் மேல அப்பி ஒரு பழைய துணியச் சுத்தி அரைமணி நேரம் விட்டுட்டு வேற வேலையப் பாருங்க. அப்புறம் பழைய டூத்பிரஷ் வச்சு லேசா தேச்சாலே பொருக்கு உதிரும். கெட்டியா இருந்தா இன்னொரு தடவை பண்ணுங்க, ஆனா ராத்திரி முழுக்க ஊற விட வேணாம், குழாய் மேல இருக்கற பளபளப்பு முலாம் மங்கிடும்.

ஷவர் தலை, வாட்டர் ஹீட்டர் ராடு மாதிரி முக்கி வைக்கிற சாமானுக்கு மளிகைக் கடையில லெமன் சால்ட்னு கேளுங்க, சர்க்கரை மாதிரி வெள்ளையா குடுப்பாங்க, அதுதான் சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் போட்டு முக்கி வச்சா பொடிப் பொடியா குமிழ் கிளம்பும், சுண்ணாம்பு கரையுதுன்னு அர்த்தம். குமிழ் நின்னதும் எடுத்துக் கழுவிடலாம். ஹீட்டர் ராடுன்னா பிளக்கக் கழட்டி நல்லா ஆறின பிறகுதான், அதுவும் உப்புப் படிஞ்ச சுருள் மட்டும் முங்கினா போதும், மேல ஒயர் இருக்கற பக்கம் நனையக்கூடாது.

குத்துவிளக்கு, பித்தளைச் சொம்புக்கும் இதே புளிதான். தேச்சு முடிச்சதும் புளிப்பு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது, நல்லா அலசி உடனே துணியால துடைச்சு வெயில்ல காய வைங்க, ஈரத்தோட விட்டா மறுபடி கருத்துப் போயிடும். காஞ்ச பிறகு கொஞ்சம் விபூதி தொட்டுத் துடைச்சா வர்ற மினுமினுப்பு இருக்கே, கடை பாலிஷ்ல எனக்கு அந்தத் திருப்தி வந்ததே இல்ல.

ஒரு விஷயம் கவனமா இருக்கணும். மொசைக் தரை, மார்பிள், ரெட் ஆக்சைடு தரை, ஆத்தங்குடி கல்லு, இது எதுலயும் புளி, எலுமிச்சை, வினிகர் படவே கூடாது. குழாய்ல இருக்கற சுண்ணாம்ப எது கரைக்குதோ அதேதான் மார்பிளயும் அரிக்கும், மொசைக்ல பதிச்ச மார்பிள் சில்லயும் சிமெண்டயும் அரிக்கும், ஒரு தடவை மங்கிப்போனா பாலிஷ் போட ஆள் கூப்பிடணும். அதுக்கு சாதா தண்ணியும் துளி பாத்திரம் கழுவுற லிக்விடும் போதும்.

இப்ப எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் அடுப்புக்குப் பின்னாடி டைல்ஸ், அலமாரி மேல்தட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன், இதுல தாளிக்கிற புகையும் தூசியும் சேந்து மஞ்சளா கோந்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். இங்க புளி உதவாது, சோடாதான். லேசான பிசுக்குக்கு ஆப்ப சோடாவ ஈரத்துணியில தொட்டுத் துடைச்சாலே வந்துடும். வருஷக்கணக்கா ஏறினதுக்கு சலவை சோடா வேணும், வாஷிங் சோடான்னு கேட்டா கிடைக்கும், விலையும் கம்மி. ஒரு லிட்டர் வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் கரைச்சு, துணிய நனைச்சுப் பிழிஞ்சு பிசுக்கு மேல ஒட்டி வச்சுட்டு கால்மணி நேரம் விடுங்க. சோடா எண்ணெயோட சேந்து கொஞ்சம் சோப்பாவே மாறும், அப்புறம் துடைச்சா வழுக்கிக்கிட்டு வரும். கைக்கு கிளவுஸ் போடுங்க, தோல வறட்டிடும். அலுமினியத்துல மட்டும் சலவை சோடா படக்கூடாது, கருத்துடும், சிம்னியோட வலை அலுமினியமான்னு பாத்துட்டு இறங்குங்க.

போன்ல வீடியோ பாத்துட்டு வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒண்ணா கலந்து பொங்க வைக்கிறாங்க நிறையப் பேரு. பாக்க நல்லா இருக்கும், ஆனா புளிப்பும் சோடாவும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு கடைசியில மிஞ்சுறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணிதான், ரெண்டு சாமானும் வீண். தனித்தனியா பயன்படுத்துங்க.

அது வீண், அவ்வளவுதான். ஆனா ஆசிட்டோட பிளீச்சிங் பவுடர் சேந்தா உயிருக்கே ஆபத்து. டாய்லெட்ல ஆசிட் ஊத்திட்டு சரியாக் கழுவாம மேல பிளீச்சிங் பவுடர் தூவினா குளோரின் வாயு வரும், நெஞ்ச அடைக்கும். வினிகரோட சேந்தாலும் அந்த வாயு வரும். பிளீச்சிங் பவுடர தப்பு சொல்லல, வீட்டுல யாருக்காவது வயித்துப்போக்கு, வாந்தின்னா கிருமியக் கொல்ல அதுதான் வேணும், புளியும் ஆப்ப சோடாவும் அந்த வேலையச் செய்யாது. ஆனா அதைத் தண்ணியில மட்டும் கரைங்க, கதவு ஜன்னலத் திறந்து வைங்க, டப்பாவ இறுக்கி மூடுங்க, காத்து பட்டா வீரியம் போயிடும்.

இதுல எனக்கு ரொம்ப மனசு கேக்காத விஷயம், இந்த ஆசிட்ட அதிகமா கையில எடுக்குறது வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்கதான். கதவ சாத்தின சின்ன பாத்ரூம், வெறுங்கை, மூக்குல சேலைத் தலைப்பு. கறை போகலன்னா பேச்சு வாங்கணும்னு அவங்க இன்னும் ரெண்டு மூடி கூடத்தான் ஊத்துவாங்க. 2013-ல உச்ச நீதிமன்றமே ஆசிட்ட கடையில இஷ்டத்துக்கு விக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு, அது ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்ட பொண்ணு போட்ட வழக்குல வந்த உத்தரவு. அப்படிப்பட்ட சாமான் நம்ம பாத்ரூம் மூலையில எதுக்கு? லெமன் சால்ட் ஒரு பாக்கெட், கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கி வைங்க, வாரம் ஒரு தடவை ஊத்தித் தேச்சா ஆசிட் கேக்குற அளவுக்கு உப்பு ஏறவே ஏறாது.

கரைச்சு மிஞ்சினத கூல்டிரிங்ஸ் பாட்டில்லயோ தண்ணி பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க, மிச்சத்த அப்பவே கொட்டிடுங்க. பிள்ளைங்க தாகத்துல எடுத்துக் குடிச்சிடுவாங்க. அப்படி ஆசிட்டோ பிளீச்சிங்கோ ஏதாவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, உள்ள போகும்போது புண்ணாக்கினது மேல வரும்போதும் புண்ணாக்கும். வாயக் கொப்பளிக்க வச்சு, 108-க்கு போன் பண்ணி, என்ன குடிச்சாங்களோ அந்த பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வணக்கம்.