வயலில் பேரீச்சை, வரியில் வெள்ளி

வணக்கம். பாபிலோன் என்றதும் பலருக்குத் தொங்கும் தோட்டம் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது அந்த ஊர் கட்டிய வரியைப் பற்றி. வரியில் என்ன சுவாரசியம் என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

கி.மு. 539இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். அலெக்சாந்தர் வந்து சேர்ந்த கி.மு. 331 வரை, இருநூறு ஆண்டுக்கும் மேலாக, இன்றைய ஈராக்கில் ஓடும் யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் வண்டல் பூமி பாரசீகர் கையில்தான். மழையை நம்பாத சீமை அது. கால்வாயில் தண்ணீர் வந்தால் வாற்கோதுமை, எள், பேரீச்சை எல்லாம் கொழிக்கும்.

முதலாம் டேரியஸ் பேரரசை இருபது மாகாணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று வரி விதித்தார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அதனால் பாரசீகர்களே டேரியஸை 'வியாபாரி' என்று சொல்வார்களாம். பாபிலோனும் அசீரியாவும் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 தாலந்து வெள்ளி தரவேண்டும். இன்றைய கணக்கில் சுமார் 30 டன். வெள்ளி கட்டிய மாகாணங்களில் இதற்கு மேல் கட்டியது வேறில்லை, எகிப்துக்கே 700தான். இது போக, விதையடித்த 500 சிறுவர்கள். ஆமாம், பிள்ளைகளும் வரிக் கணக்கில்தான். வந்த வெள்ளியை உருக்கி மண் ஜாடிகளில் ஊற்றுவார்கள். இறுகியதும் ஜாடியை உடைத்துவிட்டு, தேவைப்பட்டபோது வெட்டி எடுத்துக்கொள்வார்கள்.

அதோடு முடிந்ததா? ஆண்டின் பன்னிரண்டு மாதத்தில் நான்கு மாதம் மன்னருக்கும் படைக்கும் சோறு போட்டது இந்த ஒரு மாகாணம். அங்கிருந்த ஆளுநர் ஒருவருக்கு அன்றாட வருமானம் ஒரு பெரிய அளவுப் பாத்திரம் நிறைய வெள்ளி, கிட்டத்தட்ட 55 லிட்டர் பிடிக்கும் பாத்திரம். அவர் வளர்த்த இந்திய வேட்டை நாய்களுக்குத் தீனி போடவே நான்கு பெரிய கிராமங்களை ஒதுக்கி, மற்ற வரிகளைத் தள்ளுபடி செய்திருந்தார்களாம். ஒரு விதைக்கு இருநூறு மடங்கு விளையும் என்று எழுதியவரும் இதே ஹெரோடோட்டஸ்தான். அதனால் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நான் கேட்பது வழக்கம்.

சரி, குடியானவன் வயலில் விளைவது பேரீச்சம்பழம். அரசாங்கம் கேட்பது வெள்ளி. பழம் எப்படி வெள்ளியாகும்?

அதற்கான விடை 1893இல் நிப்பூர் என்ற பழைய நகரத்தில், ஒரே அறையில் கிடைத்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட களிமண் பலகைகள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பின்பாதியில் தொழில் நடத்திய முராஷு என்ற குடும்பத்தின் கணக்கு வழக்குகள் அவை.

மன்னர் படைவீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் நிலம் கொடுத்திருந்தார். வில்லாளிக்கு 'வில் நிலம்', குதிரை வீரனுக்குக் 'குதிரை நிலம்'. கூப்பிட்டால் போருக்குப் போகவேண்டும். வரியும் வெள்ளியாகக் கட்டவேண்டும். நிலம் கையில் இருந்தும் உழ மாடில்லை, விதையில்லை, தண்ணீரும் அரசாங்கத்துடையது. முராஷு வீட்டார் கால்வாய் அதிகாரிகளிடம் தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வீரர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். இரண்டையும் ஏரும் மாடும் விதையும் சேர்த்துக் கீழ்க்குத்தகைக்கு விட்டார்கள். விளைச்சல் பழமாகவும் தானியமாகவும் அவர்கள் களஞ்சியத்துக்கு வரும். அதை விற்று, அரசாங்கத்துக்கு வரியை வெள்ளியாகக் கட்டுவார்கள். நடுவில் நின்றது அவர்கள் லாபம். மன்னரின் கஜானாவுக்கும் இது வசதி: ஆயிரம் வாசல் தட்டவேண்டாம். அரச குடும்பத்தாரும் அங்கே பண்ணை வைத்திருந்தார்கள். எகிப்தின் ஆளுநராக இருந்த இளவரசர் அர்ஷாமின் ஆட்டு மந்தைகள்கூட இந்தப் பலகைகளில் வருகின்றன.

வரி கட்ட முடியாதவன் நிலத்தை அடகு வைத்தான். கி.மு. 423இல் இரண்டாம் டேரியஸ் அரியணைக்குச் சண்டை போட்ட சமயத்தில் அடகுப் பத்திரங்கள் திடீரென்று பெருகுகின்றன. படைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்திருக்கும், குதிரைக்கும் கவசத்துக்கும் கடன் வாங்கியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மறு ஆண்டுப் பலகை ஒன்றில் கதல்யாமா என்ற யூதர் வருகிறார். ஊருக் நகரத்துக்குப் போய்ச் சேரும்படி அவருக்கு அரச கட்டளை. சேணத்தோடு ஒரு குதிரை, இரும்புக் கவசம், தலைக்கவசம், 120 அம்புகள், வழிச்செலவுக்கு ஒரு மினா, அதாவது அரை கிலோ, வெள்ளி. இத்தனையும் முராஷு வீட்டாரிடம் கேட்கிறார். 'மனமகிழ்ச்சியோடு' கேட்டதாகப் பத்திரம் சொல்கிறது. சுயவிருப்பம் என்பதற்கு அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் வழக்கமாகப் போடும் சொல் அது.

அந்த அறையில் கிடைத்த பலகைகளின் ஓரங்களில் வசதியுள்ளவர்களின் முத்திரை பதிந்திருக்கிறது. முத்திரை இல்லாதவர்கள் ஈரக் களிமண்ணில் விரல் நகத்தை அழுத்தியிருக்கிறார்கள், நம் ஊர்க் கைநாட்டு மாதிரி. பக்கத்திலேயே எழுத்தர் குறித்து வைத்திருப்பார்: 'முத்திரைக்குப் பதிலாக இன்னாருடைய நகம்.' பிறை போன்ற அந்தக் கீறல்கள் இன்றும் அழியாமல் இருக்கின்றன.