களிப்பானையும் ஒரு கிரேக்கச் சொல்லும்

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் பல வீடுகளில் களி கிண்டிக்கொண்டிருப்பீர்கள். துடுப்பை நிறுத்தவேண்டாம், கட்டி விழுந்துவிடும். காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

தருமபுரிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பல வருடம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன். ஒருநாள் நான்காம் வகுப்புப் பையன் எழுந்தான். "டீச்சர், எங்க வீட்டுல மூணு மூட்டை ராகி கிடக்கு. அப்புறம் எதுக்கு இன்னைக்குச் சாப்பாடு குடுன்னு தினம் சாமிகிட்ட கேக்கணும்?" உட்காருடா என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த மன்றாட்டில் கத்தோலிக்கர் நாங்கள் 'எங்கள் அன்றாட உணவை' என்கிறோம். சீர்திருத்த சபையார் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை' என்கிறார்கள். அன்றாடமா, வேண்டியதா? இரண்டுக்கும் மூலம் 'எபியூசியோஸ்' என்ற ஒரே கிரேக்கச் சொல். மத்தேயு, லூக்கா நற்செய்திகள் இரண்டிலும் இந்த மன்றாட்டில்தான் வருகிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர், கிரேக்கம் தாய்மொழியாகப் பேசியவர், மக்கள் பேச்சில் இப்படியொரு சொல்லே இல்லை, நற்செய்தியாளர்களே உண்டாக்கியிருப்பார்கள் என்று எழுதினார். விவிலியத்தை லத்தீனில் தந்த எரோனிமுஸ் லூக்காவுக்கு 'அன்றாட' என்று வைத்துவிட்டு, மத்தேயுவில் அதே சொல்லுக்கு வேறொன்று போட்டார். அவரே இன்னொன்றும் சொல்கிறார்: எபிரேயர் நற்செய்தி என்ற பழைய நூலில் அந்த இடத்தில் 'நாளைக்குரிய' என்று இருந்ததாம். நாளைக்குரிய உணவை இன்று தாரும்!

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். இரவு எல்லோரும் சாப்பிட்டதும், மிஞ்சிய இரண்டு உருண்டையை மண்பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுவார். விடிந்ததும் கையாலேயே கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுச் சொம்பில் கொடுப்பார். காட்டுக்குப் போகிறவருக்கு அதுதான் உச்சிவரை தாங்கும். நாளைக்குரியது இன்றிரவே பானையில் இருந்தது. ஆனாலும் பாட்டி அந்த மன்றாட்டை ஒருநாளும் விட்டதில்லை. மோசே காலத்தில் பாலைவனத்தில் கடவுள் தினம் தந்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு எடுத்துவைத்தால் புழு வைத்தது என்கிறது விவிலியத்தின் விடுதலைப் பயணம் நூல். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விதிவிலக்கு. எங்கள் ராகிக்கு அந்தக் கஷ்டமில்லை, புளிக்கப் புளிக்க ருசி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். சொல்ல வந்த ஊர் வரலாறு அப்படியே கிடக்கிறது. சுருக்கமாக: 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சேசு சபைத் துறவிகள் மைசூர் மிஷன் என்ற மறைப்பணியைத் தொடங்கினார்கள். நம் தருமபுரிக்கு, ஓர் ஆயரின் கீழ் தனி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து கிடைத்தது 1997இல். நடுவில் முந்நூற்றைம்பது வருடம், அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன்.

அந்தப் பையன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். தம்பி, கேட்டுக்கொண்டிருந்தால், உட்காரு என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள். வணக்கம்.