டோல்கின் எழுதாத வரிக்கு டோல்கின் பெயர்!

எல்லோருக்கும் வணக்கம். புத்தக அலமாரியைக் காட்டுவதாகப் போன வீடியோவில் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கினின் வரிகளைப் போட்ட இந்த காலண்டர் வந்ததிலிருந்து மனசே ஆறவில்லை, முதலில் இதைப் பேசிவிடுகிறேன்.

549 ரூபாய். டெலிவரிக்குத் தனியாக 80. தாள் நல்ல கனம், படங்களும் அழகு, அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாதத்துக்கு ஒரு டோல்கின் வரி என்று சொல்லி விற்றுவிட்டு, ஜனவரியிலேயே 'மிகச் சிறியவரால்கூட எதிர்காலத்தின் போக்கை மாற்ற முடியும்' என்று போட்டு, கீழே அவர் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். இது அவர் எழுதியதே இல்லை! 2001இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியல், கதையின் நாயகனான ஹாபிட் (குட்டி மனிதர் இனம்) ஃப்ரோடோவிடம் சொல்லும் வசனம். படம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஆனால் புத்தகம் வேறு. 629 ரூபாய் வாங்குபவர்கள் ஒரு தடவை புத்தகத்தைத் திறந்து பார்க்கக் கூடாதா?

திறந்திருந்தால் இதைவிட நல்ல வரி கிடைத்திருக்கும். எல்ஃப்கள் வாழும் ரிவெண்டெல்லில் நடக்கும் ஆலோசனைக் கூட்டத்தில் அதன் தலைவர் எல்ராண்ட் சொல்வார்: உலகத்தின் சக்கரங்களை நகர்த்தும் காரியங்களைப் பல நேரம் சின்னக் கைகள்தான் செய்கின்றன, செய்தே ஆக வேண்டும் என்பதால் செய்கின்றன, அப்போது பெரியவர்களின் கண் வேறெங்கோ இருக்கிறது. எவ்வளவு கனமான பேச்சு! யாரையும் தட்டிக்கொடுப்பதற்காகச் சொன்னது இல்லை, அழித்தே ஆக வேண்டிய தீய மோதிரத்தை யார் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாகாமல் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்வது.

அடுத்து மார்ச். 'அலைபவர் எல்லோரும் வழி தவறியவர் இல்லை.' இது அவர் எழுதியதுதான், சரி. ஆனால் கூடவே மலை, முதுகுப்பை, சூரிய உதயம்! இது சுற்றுலா விளம்பரம் கிடையாது. ப்ரீ ஊர்ச் சத்திரத்தில் ஃப்ரோடோவுக்குக் கிடைக்கும் கடிதத்தில் இந்தக் கவிதை இருக்கிறது. அழுக்கு உடையில் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆளை நம்பலாமா என்று தெரியாத நேரம், அவர்தான் நம்பத்தக்க நண்பர் அரகார்ன் என்று அடையாளம் காட்டத்தான் மந்திரவாதி காண்டால்ஃப் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அந்தக் கடிதத்தைச் சத்திரக்காரர் பட்டர்பர் அனுப்ப மறந்து, மாதக்கணக்கில் தன்னிடமே வைத்திருப்பார், அந்த மறதியால் எவ்வளவு ஆபத்து! ஆ, ஒன்றை விட்டுவிட்டேன், கவிதையை இயற்றியது காண்டால்ஃப் இல்லை, ஃப்ரோடோவின் உறவினர் பில்போ. தன் நண்பர் அரகார்னுக்காக எழுதியது. அதுவும் அதே ரிவெண்டெல் கூட்டத்தில்தான் தெரியவரும்.

காலண்டர் கடைக்கு இதையெல்லாம் எழுதினேன். ஜனவரிப் பக்கத்தையும் புத்தகப் பக்கத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். முதலில் காலண்டருக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார்கள், நான் விடவில்லை, கடைசியில் டெலிவரிக் காசு 80 ரூபாயைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அந்த 80 ரூபாய் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

நவம்பரில் இருப்பது 1937இல் வந்த 'ஹாபிட்' நாவலில் குள்ளர்களின் தலைவர் தோரின் சொல்வது. குவித்து வைத்த தங்கத்தைவிடச் சாப்பாட்டையும் சிரிப்பையும் பாட்டையும் நம்மில் அதிகம் பேர் மதித்தால் உலகம் இன்னும் கலகலப்பாக இருக்கும் என்பார். இதற்குக் கேக் படம் போட்டிருக்கிறார்கள், பார்த்ததும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு ரத்தினத்துக்காகப் பில்போவைக் கோட்டை வாசலிலிருந்து கீழே எறியப் போனவர் தோரின். போரில் காயப்பட்டுச் சாகும்போது, அதே பில்போவிடம் தன் பேச்சையும் செயலையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, நண்பராகப் பிரிய விரும்பித்தான் இதைச் சொல்கிறார். தங்கத்துக்காக எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டவர் வாயிலிருந்து வருவதால்தான் இந்த வரி இப்படி அறுக்கிறது.

டிசம்பரில், மோதிரப் பயணத்தில் ஃப்ரோடோவோடு போகும் குள்ளர் கிம்லி: வழி இருளும்போது விடைபெறுபவன் விசுவாசமற்றவன். இதையும் பாதியில் வெட்டிவிட்டார்கள்! எல்ராண்ட் உடனே பதில் சொல்வார், இரவு விழுவதைப் பார்க்காதவன் இருட்டில் நடப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம் என்று. இருவரில் யார் சொல்வது சரி என்று கமெண்டில் எழுதுங்கள். நான் எல்ராண்ட் பக்கம்.