100க்கு வாங்கி 103இல் நட்டப்பட்ட கதை

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையோரம் நிற்கிறேன். வீட்டில் பிள்ளை படிக்கிறாள், அதனால் இன்றைக்குக் காற்றுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, மார்ஜின் கணக்கில், அதுதான் புரோக்கரிடம் கடன் எடுத்துப் பங்கு வாங்கும் கணக்கில், லாபம் நிற்கிறது. விற்காமல், அந்த லாபத்தைக் காட்டியே இன்னும் பங்கு எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கவா?" எடுக்கலாம் தம்பி. நானும் எடுத்தேன்.

இந்தக் கொப்பியைக் கிட்டக் காட்டுகிறேன். விளங்குவதற்காக எண்களை உருட்டிப் போட்டிருக்கிறேன். கைக்காசு ஒரு இலட்சம், கடன் ஒரு இலட்சம். 100 ரூபாப் பங்கு 2,000 வாங்கியாச்சு. விலை 120 ஆகிறது. மொத்தப் பெறுமதி 240,000. கடன் போக என்னுடையது 140,000. பாதிக்குப் பாதி கடன் தரும் கணக்கென்றால் இன்னும் 40,000க்கு வாங்க இடம் இருக்கிறது. கையிலிருந்து ஒரு சதம் போடத் தேவையில்லை, பாருங்கோ. வாங்கினேன். 144 ஆனது. திரும்பவும் 56,000க்கு வாங்கினேன். இப்போது பங்கு சுமார் 2,722, கடன் 196,000, என்னுடையதும் அதே 196,000. போட்டது இரட்டிப்பாகப் போகிறது. அன்றைக்கு ராத்திரி நான் கார் விலை பார்த்துக்கொண்டிருந்தேன், உண்மையாகவே.

சரி, இப்போது சிவப்பு மையில் இருப்பதைப் பாருங்கோ. மொத்தப் பெறுமதியில் என்னுடையது 30 வீதத்துக்குக் கீழே போனால், கடனை எடுக்கப் புரோக்கரே பங்கை விற்றுவிடுவார் என்று வைப்போம். முதல் வாங்கியதோடு சும்மா இருந்திருந்தால், விலை 71க்கு இறங்கும் வரை தாங்கும். இரண்டு தரம் கூட்டிய எனக்கு அந்த எல்லை 103. முதலில் வாங்கிய விலையே 100தான்! அதற்கு மேலே நிற்கும்போதே ஃபோர்ஸ் செல்லிங், அதாவது கட்டாய விற்பனை. கடனைக் கழித்தால் கையில் மிஞ்சுவது 84,000. விலை ஏறும்போது கடனையும் சேர்த்து ஏற்றினேன். இறங்கும்போது விலை மட்டும்தான் இறங்கியது, கடன் அசையவில்லை.

என் சொந்தக் கதை 2022. ஜனவரியில் கொழும்புப் பங்குச்சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டிய சூட்டில்தான் இரண்டாம் தரம் கூட்டினேன். மார்ச்சில் புரோக்கர் ஒபிசிலிருந்து ஒரு பிள்ளை கோல் எடுத்தாள்: "அண்ணா, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள காசு போடுங்கோ." எங்கே போடுவது? பங்கில் பாதியை அவர்களே விற்றுவிட்டார்கள். மிச்சத்தை வைத்திருந்தேன். ஏப்ரல் 8 மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நாடே நிறுத்தியது. 18ஆம் திகதியிலிருந்து ஐந்து வேலை நாள் பங்குச்சந்தைக்குப் பூட்டு. விற்க வழியில்லை, வட்டி மட்டும் ஓடுகிறது.

சின்ன ஆட்கள்தான் இப்படி மாட்டுவார்கள் என்று நினைக்காதீங்கோ. நியூயோர்க்கில் ஆர்க்கெகோஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தை நடத்திய பில் ஹுவாங்கும் ஏறிய லாபத்தை வைத்தே மேலும் மேலும் ஏற்றினார். 2021 மார்ச்சில் அவர் பங்கு குவித்திருந்த வயாகாம்சிபிஎஸ் என்ற ஊடக நிறுவனம் புதுப் பங்கு விற்க வந்தது, விலை சரிந்தது, சில நாளில் எல்லாம் முடிந்தது. அவருக்குக் கடன் கொடுத்த கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மட்டும் 550 கோடி டொலர் நட்டம்.

அப்புறம், நான் கூட்டுவதை விட்டுவிட்டேனா? இல்லை. ஆனால் ஓடர் போடமுதல் இந்தக் கணக்கைச் செய்கிறேன்: வரப்போகும் கடனை மொத்தப் பங்கால் வகுத்து, அதை 0.7ஆல் (நூறில் அந்த 30 வீதம் போக மிச்சம் 70) வகுக்கிறேன். 196,000ஐ 2,722ஆல் வகுத்தால் 72, அதை 0.7ஆல் வகுத்தால் 103. கணக்கில் வருகிற இந்த எல்லை விலை நான் முதலில் வாங்கிய விலையை நெருங்கினால் போனைக் கீழே வைத்துவிடுவேன். உங்கள் வீதம் ஒப்பந்தத்தில் இருக்கும், 0.7க்குப் பதில் அதற்கேற்ற எண்ணைப் போடுங்கோ.

தம்பி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்து என்ன வந்தது என்று எழுதுங்கோ. கோச்சி வருகிறது, இனி நான் கதைப்பது ஒன்றும் கேட்காது.