காக்கை கொத்திய குஞ்சு

வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் பதினாறு கோழிகள் நிற்கின்றன. எல்லாம் நாட்டுக்கோழி, சிறுவிடை ரகம். போன ஆடியில் ஒரு பெட்டை ஒன்பது குஞ்சு பொரித்தது. பத்தாம் நாள் காலையில், கோழியை மூடிவைக்கும் கூடையான பஞ்சாரத்தைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். தாய்க்கோழி கத்திய கத்தலில் ஓடிவந்து பார்த்தால், காக்கை ஒன்று முருங்கைக்குப் பறக்கிறது. கீழே ஒரு குஞ்சு முதுகுத்தோல் கிழிந்து கிடக்கிறது. கூடப்பிறந்த குஞ்சுகள் சுற்றி நின்று அந்த ரத்தத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

பகை ஒன்றும் இல்லை. சிவப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் கோழி கொத்தும், அவ்வளவுதான். காக்கை ஒரு கொத்தோடு போய்விடும், கூட்டம் விடாது. அதனால் மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன்னால் குஞ்சைத் தூக்கித் தனியே வையுங்கள்.

நான் ஓர் அட்டைப்பெட்டியில் சாக்கை விரித்து வைத்தேன். செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்துபோகும். அடுத்தது சூடு. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். அடிபட்டது இன்னும் சீக்கிரம் விறைத்துப்போகும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு, சாக்கில் படாத உயரத்தில். மறுமூலை குளிர்ச்சியாக இருக்கட்டும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒடுங்கிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தினால் போதவில்லை. தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சே சொல்லிவிடும்.

புண்ணை, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவினேன். ஒட்டியிருந்த இறகைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளை மெல்லப் பூசினேன். அயோடின் மருந்து இருந்தால் டீத்தண்ணி நிறத்துக்குக் கலக்கித் தொட்டு வைக்கலாம். மண்ணெண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், தோல் வெந்துபோகும். பெட்டிமேல் கொசுவலைத் துணி கட்டாயம். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டுக் காலில் மிதிபட்ட குஞ்சு ஒன்றுக்கு, பாவம் தாகமாக இருக்குமே என்று, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் தண்ணீர் எடுத்து அலகைப் பிரித்து ஊற்றினேன். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றியது நேராக அங்கே போய்விட்டது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது, கழுத்துத் தொங்கிவிட்டது. மிதிபட்டதால் செத்தது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இந்தக் குஞ்சுக்கு ஊற்றவில்லை. வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரில் அலகு நுனியை மட்டும் தொட்டேன். தானாகவே தலையைத் தூக்கி விழுங்கியது. சாயங்காலம் அவித்த முட்டையின் மஞ்சள்கருவைப் பொடித்துப் போட்டேன், கொத்தித் தின்றது. மூன்றாம் நாள் குருணை.

எலும்பு தெரிந்தால், வயிறு கிழிந்திருந்தால், கால் தொங்கினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

தனியாக வைத்த குஞ்சு ஓயாமல் கத்தும். பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டிக் கம்பிவலை கட்டி, பஞ்சாரத்தை ஒட்டி வைத்தேன். தாயும் குஞ்சும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, குரலும் விட்டுப்போகவில்லை. இது முக்கியம். நாலைந்து நாள் கண்ணில் படாத குஞ்சைத் தாயே வேற்றுக்குஞ்சு என்று விரட்டும்.

பக்கு உதிர்ந்து தோல் மூடிய பிறகு, ஒன்பதாம் நாள் ராத்திரி, இருட்டினதும் தாயின் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. விடிவதற்கு முன்னாலேயே போய்ப் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சம் வந்ததும் தாய் அதன் தலையில் ஒரு கொத்துக் கொத்தியது. எனக்குத் திக்கென்றது. அப்புறம் தரையைக் கிளறிவிட்டுக் கொக்கொக்கென்று கூப்பிட்டது. எல்லாக் குஞ்சும் ஓடின, இதுவும் ஓடியது.

மாசியில் அது முதல் முட்டை வைத்தது. முதுகில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.