வீடு திரும்பிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

போதை ஊசியையும் எச்ஐவியையும் சேர்த்துப் பேசும்போது பெரும்பாலும் ஊசியோடு நின்றுவிடுகிறோம். வலி மாத்திரையைப் பொடித்து, பாட்டில் மூடியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, நாலு பேர் அதிலிருந்தே உறிஞ்சி ஏற்றிக்கொள்கிறார்கள். ஊசி புதிதாக இருந்தாலும் அந்த மூடியும் தண்ணீரும் பொதுவாக இருந்தால் ஆபத்துதான், குறிப்பாகக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி. இதையாவது பையன்களிடம் யாராவது சொல்கிறார்கள். ஆணுறையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

போதையை விடும் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாட்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஹெராயின் வகைப் போதை உடம்பில் இருக்கும்வரை பலருக்குத் தாம்பத்திய ஆசை மங்கிக் கிடக்கும். விட்ட கொஞ்ச நாளில் அது திரும்பிவிடும். வீட்டிலோ பிள்ளை திருந்திவிட்டான் என்று குலசாமிக்குப் பொங்கல் வைக்கிற சந்தோஷம். அந்த நேரத்தில் மனைவி எப்படி வாய்விட்டுக் கேட்பாள், ரத்தம் பார்த்தாச்சா என்று? கேட்டால், சந்தேகப்படுகிறாள் என்று மாமியார் சொல்வார். அதனால் தம்பி, அவளைக் கேட்க வைக்காதீர்கள். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி பரிசோதனைக்கென்று நம்பிக்கை மையம் இருக்கிறது. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். கடைசியாக ஊசியைப் பகிர்ந்து மூன்று மாதம் ஆகவில்லையென்றால், இல்லை என்று முடிவு வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு முறையும் ஆணுறை. தேங்காய் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், ரப்பர் நைந்து கிழிந்துவிடும். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்ததும் வேண்டாம். கிழிந்துவிட்டால் விடியட்டும் என்று இருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கினால்தான் பலன், 28 நாள் சாப்பிட வேண்டும்.

சரி, தொற்று இருக்கிறது என்றே வந்தால்? கூட்டு மருந்து அரசு தருகிறது, இலவசமாக. தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக மனைவிக்குப் பரவாது. குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். ஊசியைப் பகிர்வதற்கு மட்டும் இந்த உறுதியைத் தர முடியாது.

மறுபடி போதை ஊசியில் சறுக்கிவிட்டால், அதையும் மனைவியிடம் மறைக்காதீர்கள். திட்டு விழும், விழட்டும். ஆணுறையை மறுபடி எடுக்கவும், திரும்ப ரத்தம் பார்க்கவும் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. மனைவிமாரும் பேசலாம்.